கிரேடு போட்ட தங்கக் காசு: வாங்குவதற்கு முன் புதுச்சேரிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

அப்பா நகைத் தொழில் செய்தவர். முத்தியால்பேட்டையில் வீட்டு முன்கட்டிலேயே பட்டறை. நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை, ஆனால் தங்கக் காசுகளைப் பார்ப்பதும் சேர்ப்பதும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் ஒரு காசைக் கொண்டுவந்து "இது நல்லதா, பாருங்க" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிட்ட பிறகுதான் வருகிறார்கள். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கிரேடு போட்ட காசு என்றால் என்ன?

விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று காசைப் பார்த்து, அசல்தான் என்று உறுதி செய்து, அதன் நிலைக்கு 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் கொடுத்து, கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடும். அந்தப் பெட்டியை ஸ்லாப் என்பார்கள். மேலே ஒரு லேபிள் இருக்கும்: காசின் பெயர், ஆண்டு, மதிப்பெண், ஒரு சான்று எண். இதில் உலகம் முழுக்கப் பேர் பெற்றவை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள். 1986 இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987 இல் தொடங்கிய என்.ஜி.சி. இந்த 70 மதிப்பெண் முறை 1949 இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்தது. பிறகு எல்லாக் காசுக்கும் வந்துவிட்டது.

70 என்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தாலும் குறை தெரியாத காசு. 69 என்றால் எங்கோ மயிரிழை அளவு குறை.

சேமிப்புக்காகத் தங்கம் வாங்குகிறேன். எனக்குக் கிரேடு தேவையா?

தேவையில்லை. இதைத் தயங்காமல் சொல்கிறேன். 69க்கும் 70க்கும் உள்ளே இருக்கும் தங்கத்தில் வித்தியாசம் துளியும் கிடையாது. அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், அதே மதிப்பெண்ணை விரும்பும் இன்னொரு சேகரிப்பாளர் கிடைத்தால்தான் திரும்பி வரும். நேரு வீதியில் ஒரு நகைக்கடைக்குள் போய் 70 போட்ட காசை நீட்டிப் பாருங்கள். அவர் பெட்டியை உடைத்து, காசைத் தராசில் வைத்து, எடைக்குத்தான் விலை சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தொழில் அது.

கிரேடு உதவுவது இரண்டு இடத்தில்தான். ஒன்று, நீங்கள் உண்மையிலேயே சேகரிப்பவராக இருந்தால். இரண்டு, அசல் என்று இன்னொருவர் உறுதி சொல்லியிருப்பது உங்களுக்கு மன நிம்மதி தந்தால். இரண்டாவது காரணத்துக்காக வாங்குபவர்கள் 70ஐத் தேட வேண்டாம். குறைந்த மதிப்பெண்ணும் அதே உறுதியைத்தான் தருகிறது.

எந்தெந்தக் காசுகள் இப்படி வருகின்றன? எதில் எவ்வளவு தங்கம்?

ஒரு டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். பெரும்பாலான வெளிநாட்டுக் காசுகள் அந்தக் கணக்கில்தான் வரும். கனடாவின் மேப்பிள் லீஃப் 24 கேரட், 9999 தூய்மை (பத்தாயிரத்தில் 9,999 பங்கு தங்கம்), எடை 31.1 கிராம், விட்டம் 30 மில்லிமீட்டர். அமெரிக்காவின் ஈகிள் 22 கேரட். அதில் சுத்தத் தங்கம் 31.1 கிராம், வெள்ளியும் செம்பும் சேர்ந்து மொத்த எடை 33.93 கிராம். தென்னாப்பிரிக்காவின் குரூகரண்ட் 1967 முதல் வருகிறது. அதுவும் 22 கேரட், 33.93 கிராம்தான், ஆனால் கலப்பு முழுக்கச் செம்பு என்பதால் சற்றுச் சிவந்திருக்கும். பிரிட்டனின் பிரிட்டானியா 2012 வரை 22 கேரட், 2013 முதல் 9999. இந்த ஆண்டு வித்தியாசம் தெரியாமல் பழைய பிரிட்டானியாவை "எடை கூட இருக்கே, போலி" என்று திருப்பிக் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நம் வீட்டுக் காசு. தினசரியில் "சவரன் இவ்வளவு" என்று படிக்கிறோமே, அந்தச் சொல்லே சாவரின் என்ற பிரிட்டிஷ் காசின் பெயரிலிருந்து வந்ததுதான். நாம் 8 கிராம் என்று முழுசாக்கிவிட்டோம். அசல் சாவரின் 7.98 கிராம், 22 கேரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர், உள்ளே சுத்தத் தங்கம் 7.32 கிராம். 1918 இல் பம்பாயில் அடித்த சாவரின்களும் உண்டு. அவற்றில் ஆங்கில ஐ எழுத்து சிறியதாக இருக்கும். 2013 முதல் எம்.எம்.டி.சி.–பேம்ப் நிறுவனம் இங்கேயே உரிமம் பெற்று அடித்த சாவரின்களிலும் அதே எழுத்துதான். அந்த எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சரியான விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே இருக்கும் சுத்தத் தங்கத்தை அன்றைய 24 கேரட் விலையால் பெருக்குங்கள். கணக்கு எளிதாக இருக்க, கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேப்பிள் லீஃபின் தங்க மதிப்பு 3,11,000 ரூபாய். கடையில் வாங்கினால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் பிரீமியம். ஒரு சாவரின் 73,200 ரூபாய்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பயன்படும். மிக அதிகம் கேட்டால் மதிப்பெண்ணுக்கும் அலங்காரப் பெட்டிக்கும் பணம் கேட்கிறார் என்று தெரியும். அந்த 73,200 ரூபாய்க் காசை ஒருவர் "அவசரம்ணா, அம்பதாயிரம் குடுங்க போதும்" என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அசல் தங்கத்தை வைத்திருப்பவருக்கு எந்த அடகுக் கடையிலும் அன்றைக்கே பணம் கிடைக்கும். அவர் உங்களிடம் வந்து இருபதாயிரத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

வாங்கும்போது கடைக்காரரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதையே நாளைக்குத் திரும்பக் கொண்டுவந்தா எவ்வளவுக்கு எடுத்துப்பீங்க?" அவர் சொல்லும் தொகைக்கும் நீங்கள் கொடுக்கும் தொகைக்கும் நடுவில் இருப்பதுதான் அந்தக் காசு உங்களுக்கு வைக்கும் உண்மையான செலவு. பதில் சொல்லத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

பெட்டிக்குள் இருக்கிறது, எண் இருக்கிறது, கிரேடு நிறுவனத்தின் செயலியில் போட்டால் சரியாக வருகிறது. இன்னும் என்ன சந்தேகம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் லாஸ்பேட்டை நண்பர் ஒருவர் ஒரு ஈகிள் வாங்கினார். பத்தில் ஒரு அவுன்ஸ் அளவு, 69 மதிப்பெண், அழகான பெட்டி. இணையத்தில் அறிமுகமான ஒருவர் கூரியரில் அனுப்பினார். எண்ணைச் செயலியில் போட்டோம். பெயர், ஆண்டு, மதிப்பெண் எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போனது. நண்பர் சந்தோஷமாகக் காபி போடச் சொல்லிவிட்டார். நான் செயலியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் விளிம்புக்குப் பக்கத்தில் மெல்லிய ஒரு கீறல் இருந்தது. 70 கிடைக்காமல் போனதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கும். கையில் இருந்த காசில் லென்ஸ் வைத்துத் தேடியும் அந்தக் கீறல் இல்லை. போலி, அசலைவிடச் சுத்தமாக இருந்தது.

பிறகு பெட்டியின் ஓரத்தைப் பார்த்தோம். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பசை காய்ந்தது போல வெள்ளைத் தடம். நண்பரின் சம்மதத்தோடு உடைத்து நிறுத்தோம். 3.39 கிராம் இருக்க வேண்டிய காசு 1.7 கிராம். விட்டம் மட்டும் சரியாக 16.5 மில்லிமீட்டர். விற்றவரின் போன் அதற்குள் அணைந்திருந்தது.

நடந்தது இதுதான்: எங்கோ இருக்கும் ஓர் அசல் பெட்டியின் எண்ணை அப்படியே எடுத்து லேபிள் அச்சடித்திருக்கிறார்கள். எண்ணைத் திருடுவது எல்லாவற்றையும்விட எளிது. அசல் காசைப் படம் போட்டு விற்கிறவர் ஒவ்வொருவரும் அந்த எண்ணைத் தெரியாமலே பரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே எண் ஒத்துப்போவது தொடக்கம் மட்டும்தான். விற்பவர் அனுப்பும் லிங்கையோ லேபிளில் இருக்கும் கியூ.ஆர். குறியையோ நம்பாமல், நிறுவனத்தின் செயலியை நீங்களே இறக்கி எண்ணை நீங்களே தட்டுங்கள். படம் இருந்தால் கீறல், புள்ளி, நிறத் திட்டு ஒவ்வொன்றையும் ஒத்துப் பாருங்கள். படம் இல்லாத எண்ணோடு வரும் விலையுயர்ந்த காசை முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். லேபிளில் எழுத்து மங்கலாக இருக்கிறதா, பளபளப்பு முத்திரை சாய்த்துப் பார்த்தால் மாறுகிறதா, ஓரம் சீராக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் புதிய பெட்டிகள் பலவற்றில் போனை அருகில் கொண்டுபோனால் படிக்கும் சில்லும் இருக்கிறது.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பெட்டியில் இல்லாத காசானால் முடியும். மூன்று சாமான் வேண்டும்: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் அளவுகோல், ஒரு கண்ணாடி டம்ளர்.

முதலில் எடை, விட்டம், தடிமன். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பித்தளை, செம்பு, ஈயம் எல்லாம் தங்கத்தைவிட லேசானவை. எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் போலி செய்பவன் காசைத் தடிமனாக்கியோ அகலமாக்கியோதான் ஆக வேண்டும். அளவைச் சரியாக வைத்தால் எடை குறையும். எப்படியும் ஒன்றில் மாட்டுவான்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் கையில் தொங்கவிடுங்கள். காசில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைத் தட்டி விட்டுவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் கன சென்டிமீட்டரில் காசின் கனஅளவு. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

சுத்தத் தங்கத்துக்கு 19.3 வர வேண்டும். 22 கேரட்டுக்கு 17.5 அருகே. 10 கிராம் 24 கேரட் காசைத் தொங்கவிட்டால் தராசு 0.52 காட்டும். அதே எடையில் ஈயம் என்றால் 0.88, வெள்ளி என்றால் 0.95, பித்தளை என்றால் 1.18க்குப் பக்கத்தில். இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். அசல் சாவரினுக்கு 0.45 அல்லது 0.46. முதல் தடவை செய்யும்போது கை நடுங்கும், எண் ஓடும். மூன்று தடவை செய்து பாருங்கள். 1 கிராம், 2 கிராம் காசுகளுக்கு இது உதவாது. அங்கே 0.01 கிராம் பிசகினாலே கணக்கு எங்கோ போய்விடும்.

டங்ஸ்டன் வைத்துச் செய்தால் இதிலும் தப்பிவிடுமாமே?

ஆமாம், அது உண்மையான ஆபத்துதான். டங்ஸ்டன் அடர்த்தி 19.25, தங்கம் 19.3. மேலே கெட்டியாகத் தங்கம் பூசிவிட்டால் எடை, அளவு, தண்ணீர் மூன்றும் ஒத்துப்போகும். ஆனால் டங்ஸ்டன் மிகக் கடினமான உலோகம், அதைக் காசு போலத் துல்லியமாக அச்சடிப்பது கஷ்டம். அதனால் போலியில் எழுத்தும் உருவமும் சோப்புக் கரைந்தது போல மொழுக்கென்று இருக்கும்.

ஓசையும் காட்டிக்கொடுக்கும். காசை விரல் நுனியில் வைத்து இன்னொரு காசால் ஓரத்தில் லேசாகத் தட்டினால், அசல் தங்கக் காசு "ணிங்" என்று நீண்டு ஒலிக்கும். உள்ளே வேறு உலோகம் வைத்துப் பூசியது மொட்டையாக "டொக்" என்று நிற்கும். அப்பாவுக்கு இந்த ஒலியில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் பழக்கம் இருந்தது. ஆனால் ஒலியை மட்டும் நம்பிப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

உறுதியாகச் சொல்வது மின்கடத்து திறனை அளக்கும் கருவி. சுத்தத் தங்கம் மின்சாரத்தை டங்ஸ்டனைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கடத்தும். சிக்மா மெட்டாலிட்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் கருவி இதற்குப் பேர் போனது. பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்காமலே அதனால் அளக்க முடியும். விலை அதிகம், ஒரு காசுக்காக வாங்க முடியாது. ஒரு அவுன்ஸ் காசு வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கருவி வைத்திருக்கும் நாணய வியாபாரியிடம் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நகைக்கடை கேரட் மீட்டரில் 916 என்று வந்துவிட்டது. போதுமா?

போதாது. அந்த மெஷின் எக்ஸ்ரே கதிரை விட்டு மேற்பரப்பை மட்டும் படிக்கிறது. பூச்சு கெட்டியாக இருந்தால் பூச்சின் தூய்மையைத்தான் சொல்லும். உரைகல்லும் அப்படித்தான், உரசிய இடத்தின் மாற்றுதான் தெரியும். கேரட் மீட்டரோடு எடை, அளவு, தண்ணீர்ச் சோதனையும் ஒத்துப்போனால் நம்பலாம்.

காந்தத்தில் ஒட்டவில்லை என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பித்தளையும் செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

காசிலேயே ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

புதியவற்றில் இருக்கிறது. மேப்பிள் லீஃபில் பெரிய இலைக்குப் பக்கத்தில் லேசரால் பொறித்த குட்டி இலை, அதற்குள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். லென்ஸில் பார்த்தால்தான் தெரியும். 2021 முதல் வரும் பிரிட்டானியாவில் ஒரு சின்ன உருவம், சாய்த்தால் திரிசூலம், இன்னொரு பக்கம் சாய்த்தால் பூட்டு. 2021 இல் வடிவம் மாற்றிய ஈகிளில் விளிம்புக் கோடுகளில் ஓரிடத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். வாங்கப் போகும் காசின் அசல் படத்தை நாணயச் சாலையின் தளத்தில் நன்றாகப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பாட்டியின் காசு மாலையில் இருந்த சாவரின் என்னிடம் இருக்கிறது. கிரேடுக்கு அனுப்பலாமா?

முதலில் ஓரத்தைப் பாருங்கள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் கிரேடு நிறுவனம் மதிப்பெண் கொடுக்காது. அசல், ஆனால் சேதமானது என்று மட்டும் எழுதி அனுப்பும். அதற்குச் செலவு செய்வது வீண்.

இரண்டாவது, சட்டம். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1911 சாவரினை அமெரிக்காவுக்குப் பார்சல் போட்டால் சிக்கல் உங்களுக்குத்தான். "நான் அனுப்பி வாங்கித் தருகிறேன்" என்று முன்வரும் தரகரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு மாலைக்காக உள்ளூரிலேயே ஆசாரிகள் அச்சு வைத்து அடித்த சாவரின் போன்ற காசுகள் ஏராளம். லெபனானில் 1950களிலும் 60களிலும் போலியாக அடித்த சாவரின்களும் உலகெங்கும் சுற்றுகின்றன, அவற்றில் பலவற்றில் தங்கம் சரியாகவே இருக்கிறது. அதனால் பாட்டியின் காசு லண்டனில் அடித்தது இல்லை என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். தங்கமாக அதன் மதிப்பு போகவில்லை. அது பாட்டி கழுத்தில் கிடந்தது என்பதும் மாறவில்லை.

பிரான்சிலிருந்து வரும் சித்தப்பா நெப்போலியன் காசு கொண்டுவரட்டுமா என்கிறார்.

புதுச்சேரியில் மட்டும்தான் இந்தக் கேள்வி வரும். சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கான பென்ஷன், வாங்கிய குடும்பங்களில் இந்தக் காசு இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. நெப்போலியன் என்று சொல்வது 20 பிராங்க் தங்கக் காசு. எடை 6.45 கிராம், 900 தூய்மை (ஆயிரத்துக்கு 900 பங்கு), விட்டம் 21 மில்லிமீட்டர், உள்ளே தங்கம் 5.8 கிராம். தண்ணீர்ச் சோதனையில் 0.37 காட்டும். சேவல் போட்ட வகையில் 1907 முதல் 1914 வரை ஆண்டு போட்டவற்றில் நிறைய, 1951க்கும் 1960க்கும் இடையில் பிரெஞ்சு அரசே பழைய ஆண்டு போட்டு மறுபடி அடித்தவை. கொஞ்சம் சிவப்பாக இருக்கும். அவை போலி இல்லை. சாவரினுக்கு விளிம்பில் வரிவரியாகக் கோடு இருக்கும், சேவல் நெப்போலியனுக்கு விளிம்பில் எழுத்து இருக்கும். எழுத்து இல்லாத வழுவழு விளிம்போடு வந்தால் சந்தேகப்படுங்கள்.

சுங்கம் முக்கியம். பயணிகளுக்கான வரியில்லாத சலுகை நகைக்குத்தான், காசுக்கு இல்லை. ஒரு காசானாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதித் தீர்வை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானது. ஆறு மாதமாவது வெளியே இருந்தவருக்கும் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருபவருக்கும் வீதம் வேறு, அதனால் கிளம்புவதற்கு முன் அன்றைய வீதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தீர்வை கட்டிய ரசீதைக் காசோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டே மார்க்கெட்டில், வாட்ஸாப் குழுவில் வாங்கலாமா?

ரசிப்பதற்குப் பழைய அணாவும் பைசாவும் வாங்குங்கள். தங்கம் வேண்டாம்.

"வீடு இடிச்சப்ப பானையில கெடச்சுது, வெளிய சொன்னா போலீஸ் எடுத்துக்கும்" என்று யாராவது வந்தால் உட்காரக்கூடச் சொல்லாதீர்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்கு நடந்தது. கூலி வேலை செய்பவர் போல வந்த இருவர் ஒரு காசைக் கொடுத்து, "எங்க வேணா காட்டிட்டு வாங்கண்ணே" என்றார்கள். காட்டினார், அசல். இரண்டாவது காசும் அசல். ஒரு வாரம் கழித்து ஒரு சின்னத் துணி மூட்டையைக் கொடுத்து, வீட்டில் இருந்த பணத்தோடு மனைவியின் வளையலை அடகு வைத்த பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மூட்டை முழுக்கப் பித்தளை. வெட்கத்தில் பல மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

உண்மையிலேயே புதையல் என்றாலும் 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்து விற்பதை வாங்கினால் காசு அசலாக இருந்தாலும் நீங்கள் குற்றத்துக்குள் வருகிறீர்கள்.

அப்படியானால் சேமிப்புக்கு எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

உள்ளூரில் எளிதாக விற்க முடிகிற, சீல் போட்ட அட்டையில் வரும் 24 கேரட் இந்தியக் காசுகள். 2015 நவம்பரில் அறிமுகமான இந்தியத் தங்க நாணயம் 999 தூய்மை, ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) முத்திரையோடு வருவது. வங்கியிலும் காசு விற்கிறார்கள், ஆனால் விற்ற வங்கி அதைத் திரும்ப வாங்காது. வாங்கும்போது இதைச் சொல்லும் ஊழியர் குறைவு.

ஒரு நுணுக்கம்: நகைக்கு ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்.யூ.ஐ.டி. என்ற அடையாளக் குறியும் கட்டாயம். கட்டிக்கும் காசுக்கும் 2020 ஆம் ஆண்டு ஆணையிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே "தங்கம்னாலே ஹால்மார்க் இருக்கும் சார்" என்று கடையில் சொன்னால் காசின் மேல் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். சீல் அட்டையும் போலியாக வருகிறது என்பதால் அட்டையின் எண்ணும் பில்லில் எழுதும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

காசின் பெயர், ஆண்டு, மொத்த எடை, தூய்மை, பெட்டி அல்லது அட்டையின் எண், தங்க விலை தனியாக, ஜி.எஸ்.டி. தனியாக. 2 லட்சத்துக்கு மேல் என்றால் பான் எண் கேட்பார்கள். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. "பில் இல்லாம மூணு பர்சென்ட் மிச்சம்" என்பதற்கு இணங்கினால், நாளை போலி என்று தெரியும்போது நீங்கள் வாங்கியதற்கே சாட்சி இருக்காது. விற்கும்போதும் பில் வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அதற்கு வாங்கிய விலைக்கு ஆதாரம் கேட்பார்கள்.

அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா?

வங்கிகள் விற்ற காசின் பேரில் ஆளுக்கு 50 கிராம் வரை வங்கியில் கடன் கிடைக்கும். கிரேடு போட்ட வெளிநாட்டுக் காசுக்கு வங்கியை நம்பி இருக்காதீர்கள். அடகு வைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஹால்மார்க் நகையே நல்லது.

எப்படி வைத்துக்கொள்வது?

துடைக்காதீர்கள், புளி போட்டுக் கழுவாதீர்கள், விரலால் முகத்தைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். நம் கடற்காற்று தங்கத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் 22 கேரட்டில் இருக்கும் செம்பு சில சமயம் சிவப்புப் புள்ளி விடும். அதுவும் போலி என்பதற்கு அடையாளம் இல்லை.

ஏமாந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். கடையில் வாங்கியது என்றால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். பார்சல் உறை, கூரியர் ரசீது, பேசிய செய்திகள், பெட்டி எதையும் தூக்கி எறியாதீர்கள். வெளியூரிலிருந்து வரும் பார்சலைப் பிரிக்கும்போதே, உறையின் முகவரி தெரிய ஆரம்பித்து, காசு தராசில் நிற்கும் வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து வையுங்கள்.

அந்தப் போலியை வேறு யாரிடமும் தள்ளிவிட வேண்டாம். தெரிந்தே விற்றால் நீங்கள் ஏமாற்றியவர் ஆகிவிடுவீர்கள், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 ஆம் பிரிவு உங்கள் மேலேயே வரும். லாஸ்பேட்டை நண்பர் தன் 1.7 கிராம் காசைப் புகாரோடு காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் காசு இன்னொருவர் கைக்கு வழியில்லை.